வழுக்கிய இடமும் விழுந்த இடமும்: கெர்னலில் ஒரு ரேஸ் கண்டிஷனைத் திருத்துவது

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் 2011-இல் நுழைந்த ஒரு பிழை 2016 இறுதியில்தான் வெளியே வந்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2016-8655 என்ற எண் பெற்ற அந்தப் பிழையில் தப்புக் கணக்கு எதுவும் இல்லை; எல்லை தாண்டி எழுதிய வரியும் இல்லை. சம்பந்தப்பட்ட இரண்டு ஃபங்ஷன்களையும் தனித்தனியே எடுத்து வரிவரியாகப் படித்தால் இரண்டுமே சரியாகத்தான் தெரியும். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடி, ஒன்றின் குறிப்பிட்ட இரண்டு வரிகளுக்கு நடுவே மற்றது புகுந்தால் மட்டுமே கெர்னல் கிராஷ் ஆகும். அந்த இடைவெளியைத் திட்டமிட்டுப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு கணினி முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரமே கிடைத்தது.

ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தரவைத் தொடவிடுவது லாக். திருத்தத்தில் புதிய லாக் எதுவும் உருவாக்கப்படவில்லை. ஏற்கெனவே இருந்த லாக்கை ஓரிடத்தில் இன்னும் முன்கூட்டியே பிடிக்கவைத்தார்கள்; பிடிக்காமலே விட்டிருந்த இன்னோரிடத்தில் பிடிக்கவைத்தார்கள். அவ்வளவுதான். எது முந்தி ஓடுகிறது என்பதைப் பொறுத்து விளையும் இத்தகைய பிழைதான் ரேஸ் கண்டிஷன்; அதன் திருத்தங்கள் பல இப்படிச் சின்னதாகவே முடிகின்றன. அந்தச் சில வரிகள் எங்கே போக வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு முழுவதும் போகிறது. கிராஷ் ஆன வரியை மட்டும் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. வழுக்கிய இடம் ஒன்று, விழுந்த இடம் வேறு.

அந்தப் பிழையையே முதலில் முழுதாகப் பார்த்துவிடலாம். நெட்வொர்க் கார்டுக்கு வரும் பாக்கெட்டுகளை அப்படியே பயனர் நிரலுக்குக் கொடுப்பவை பாக்கெட் சாக்கெட்டுகள். டிசிபிடம்ப் போன்ற கருவிகள் இவற்றைத்தான் நம்பியிருக்கின்றன. ஒவ்வொரு பாக்கெட்டையும் தனியாக நகலெடுத்துக் கொடுத்தால் மெதுவாகும் என்பதால், கெர்னலும் நிரலும் பகிர்ந்துகொள்ளும் ஒரு வளைய பஃபரை அமைக்கும் வசதி உண்டு. அந்த வளையத்துக்கு மூன்று பதிப்புகள். மூன்றாம் பதிப்பில் மட்டும் ஒரு டைமர் சேர்ந்தது. ஒரு தொகுதி இன்னும் நிரம்பாவிட்டாலும், குறித்த நேரம் ஆனதும் அதைப் பயனரிடம் ஒப்படைப்பது அதன் வேலை. இந்த டைமரின் தரவு தனியாக எங்கோ இல்லை. சாக்கெட்டின் நினைவகத்துக்குள்ளேயே இருக்கிறது.

வளையத்தை அமைக்கும் ஃபங்ஷன் பதிப்பு எண்ணைப் பார்க்கும்; மூன்று என்றால் டைமரை ஓடவிடும். சாக்கெட்டை மூடும்போது அதே ஃபங்ஷன் மறுபடி அழைக்கப்படும். அப்போதும் பதிப்பு எண்ணைப் பார்த்து, மூன்று என்றால் டைமரை நிறுத்தும். பதிப்பு எண்ணை மாற்றும் சிஸ்டம் கால், அதாவது நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை, தனியாக இருக்கிறது. அதை எழுதியவரும் கவனமாகத்தான் எழுதியிருந்தார்: வளையம் ஏற்கெனவே இருந்தால் எண்ணை மாற்ற விடாது.

கண்ணி இங்கேதான் இருக்கிறது. அமைக்கும் ஃபங்ஷன் முதலில் டைமரை ஓடவிடுகிறது. வளையத்தின் முகவரியைக் காட்டும் பாயிண்டரை அதற்குப் பிறகுதான் சாக்கெட்டில் பதிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு த்ரெட் (இணையாக ஓடும் செயல்தொடர்) வந்து பதிப்பை ஒன்றாக்கச் சொன்னால், 'வளையம் இருக்கிறதா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்றே பதில் கிடைக்கும். எண் மாறிவிடும். இப்போது சாக்கெட் தன்னை ஒன்றாம் பதிப்பு என்கிறது. உள்ளே மூன்றாம் பதிப்பின் டைமர் ஓடிக்கொண்டிருக்கிறது. மூடும்போது எண்ணைப் பார்க்கும் ஃபங்ஷன் டைமரைத் தொடாமல் போய்விடும். சாக்கெட்டின் நினைவகம் விடுவிக்கப்பட்டு வேறு யாருக்கோ கொடுக்கப்படும். பிறகு டைமரின் நேரம் வரும்போது, அந்த வேறு யாருடைய நினைவகத்திலிருந்தோ ஒரு ஃபங்ஷன் முகவரியைப் படித்து கெர்னல் அங்கே தாவும்.

கிராஷ் பதிவில் என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். டைமர்களை ஓட்டும் பொதுவான கெர்னல் ஃபங்ஷன்களின் பெயர்கள் தெரியும். பாக்கெட் சாக்கெட்டின் பெயர் ஓரிடத்திலும் இருக்காது. சாக்கெட்டைத் திறந்த நிரல் அதற்குள் முடிந்தே போயிருக்கலாம்.

மூடும்போது பதிப்பைப் பார்க்காமலே டைமரை நிறுத்தினால் போதாதா என்று கேட்கலாம். இந்தக் கிராஷ் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் மூன்றாம் பதிப்பின் வடிவில் அமைந்த வளையத்தை ஒன்றாம் பதிப்பின் விதிப்படி கையாளும் நிலை அப்படியே இருக்கும்; அது வேறொரு நாள் வேறொரு வரியில் வெடிக்கும். உண்மையான திருத்தம் ஒரு விதியைக் காப்பாற்றுகிறது: பதிப்பு எண்ணும் வளையமும் டைமரும் எப்போதும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாத இடைநிலையை வெளியிலிருந்து யாரும் பார்க்கவோ மாற்றவோ கூடாது. எனவே அமைக்கும் ஃபங்ஷன் தொடங்கும்போதே சாக்கெட் லாக்கைப் பிடிக்கிறது. முன்பு அதே லாக்கைப் பாதி வழியில்தான் பிடித்தது. பதிப்பை மாற்றும் வழியோ, சோதிப்பதையும் மாற்றுவதையும் ஒரே லாக்குக்குள் செய்கிறது. இந்த விதியை எவராவது முதலிலேயே ஒரு குறிப்பாக எழுதிவைத்திருந்தால் பிழை ஐந்தாண்டு வாழ்ந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்த வகைப் பிழைகள் கெர்னலில் ஏன் இத்தனை எளிதாக நுழைகின்றன? பயனர் நிரலில் எத்தனை த்ரெட் ஓட வேண்டும் என்று நிரலாளரே தீர்மானிக்கிறார். கெர்னலில் அந்த உரிமை அவருக்கு இல்லை. எந்த சிபியுவிலிருந்தும் எந்த நேரத்திலும் சிஸ்டம் கால் வரும். சாதனங்கள் அனுப்பும் அவசர அழைப்பான இன்டர்ரப்ட் எந்த வரியிலும் குறுக்கிடும். ஷெட்யூலர் நடுவிலேயே வேறொரு பணிக்கு மாற்றிவிடும். ஒரே ஒரு சிபியு இருந்தாலும் கடைசி இரண்டும் போதும், ரேஸ் உண்டாக. 1996-இல் வந்த லினக்ஸ் 2.0 பல சிபியுக்களை ஆதரித்தபோது 'பிக் கெர்னல் லாக்' என்ற ஒரே பெரிய லாக் கெர்னல் முழுவதையும் காத்தது. பாதுகாப்பாக இருந்தது, ஆனால் ஒரு சிபியு கெர்னலுக்குள் இருந்தால் மற்றவை வாசலில் நிற்க வேண்டும். அதைச் சிறுசிறு லாக்குகளாக உடைக்கும் வேலை 2011-இல், 2.6.39 பதிப்பில்தான் முற்றாக முடிந்தது. வேகம் கிடைத்தது. கூடவே, எந்தத் தரவை எந்த லாக் காக்கிறது என்ற கேள்வியும் ஆயிரக்கணக்கான இடங்களில் தனித்தனியாக எழுந்தது.

'அபூர்வமாகத்தானே நடக்கும்' என்ற ஆறுதலையும் கெர்னலில் நம்பக் கூடாது. நூறு கோடி முறையில் ஒரு முறை நடக்கும் மோதல் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிரல் பகுதி வினாடிக்குப் பத்து லட்சம் முறை ஓடினால், சராசரியாக ஆயிரம் வினாடிக்கு ஒரு தடவை, அதாவது பதினேழு நிமிடத்துக்குள் ஒரு தடவை அது நடந்துவிடும்.

கிராஷ் பதிவு கையில் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, எந்த முகவரியைத் தொட முயன்று கெர்னல் விழுந்தது என்பதை. 18, 40 போன்ற மிகச் சிறிய முகவரி என்றால், பூஜ்ய பாயிண்டர் வழியாக ஒரு கட்டமைப்பின் உறுப்பைத் தொட்டிருக்கிறது. அந்த எண்ணே அது எந்த உறுப்பு என்று காட்டிக்கொடுக்கும். ரெஜிஸ்டர்களில் '6பி6பி6பி' என்று வரிசையாக நின்றால் சேதி வேறு. நினைவகப் பிழைதேடும் வசதியை இயக்கியிருந்தால், விடுவித்த நினைவகத்தை அந்த பைட்டால்தான் கெர்னல் நிரப்பிவைக்கும். விடுவித்த பிறகு யாரோ தொட்டிருக்கிறார்கள் என்பது அப்போதே உறுதி. பூஜ்ய பாயிண்டர் தெரிந்தவுடன் 'பூஜ்யமா' என்று ஒரு சோதனையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கைகள் பரபரக்கும். சோதித்த மறுகணமே இன்னொரு சிபியு அதைப் பூஜ்யமாக்க முடியும் என்றால் அந்தச் சோதனை எதையும் காப்பதில்லை. மோதும் இடைவெளி இன்னும் ஒடுங்கும்; பிழை இன்னும் அபூர்வமாகும்; அடுத்து தேடுபவருக்கு வேலை இன்னும் கடினமாகும். இப்படிப்பட்ட நிரல் மாற்றத்தை, அதாவது பேட்சை, திருத்தம் என்று ஏற்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

விழுந்த இடத்திலிருந்து வழுக்கிய இடத்துக்குப் போக நல்ல கருவிகள் இன்று உள்ளன. 2015-இல் 4.0 பதிப்போடு வந்த கேஏசான் என்ற நினைவகப் பிழை தேடும் கருவி விலைமதிப்பற்றது. விடுவித்த நினைவகத்தை உடனே மறுபடி வழங்காமல் கொஞ்சநேரம் ஒதுக்கிவைக்கும். யாராவது தொட்டால் மூன்று அழைப்புத் தொடர்களை ஒன்றாகக் காட்டும். இப்போது தொட்டது யார், முதலில் அந்த நினைவகத்தை வாங்கியது யார், விடுவித்தது யார்? மேலே சொன்ன பாக்கெட் சாக்கெட் போன்ற பிழையில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் நம்மைச் சரியான கோப்புக்கு அழைத்துப்போகும். 2020-இல் 5.8 பதிப்பில் சேர்ந்த கேசிசான் என்ற ரேஸ் தேடும் கருவி வேறு விதம். சில ஆயிரம் நினைவக அணுகல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த சிபியுவைச் சில மைக்ரோ வினாடிகள் வேண்டுமென்றே நிறுத்திவைக்கும். அதற்குள் வேறொருவர் அதே இடத்தைத் தொட்டால் இருவரையும் சேர்த்துப் பிடித்துக் காட்டும். கூகுளில் உருவான சிஸ்காலர் என்ற கருவி சிஸ்டம் கால்களைத் தாறுமாறான வரிசையிலும் இணையாகவும் ஏவி, மனிதர் நினைத்துப்பார்க்காத மோதல்களை உண்டாக்குகிறது.

கேசிசானுக்கும் ஓர் எல்லை உண்டு. அது பிடிப்பது ஒரே நினைவக இடத்தை இருவர் முறையின்றித் தொடுவதை. ஒருவர் லாக்கைப் பிடித்துச் சோதிக்கிறார், விடுகிறார், மறுபடி பிடித்து மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அணுகலும் லாக்குக்குள்தான் நடக்கிறது. கருவிக்குப் புகார் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பிடிகளுக்கும் நடுவே உலகம் மாறியிருக்கலாம். இந்த வகையை மனித மூளைதான் படித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சந்தேகம் உருவானதும் அதை உறுதிசெய்ய, இடைவெளி என்று நினைக்கும் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே வேண்டுமென்றே ஒரு தாமதத்தைச் செருக வேண்டும். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஊகம் சரி என்றால், மாதத்துக்கு ஒருமுறை நடந்த கிராஷ் இப்போது ஒவ்வொரு முறையும் நடக்கும். சரியில்லை என்றால் எதுவும் மாறாது. பிறகு தாமதத்தை எடுக்காமலே திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். கிராஷ் முற்றாக நின்றால்தான் திருத்தம் அந்த இடைவெளியை மூடியிருக்கிறது என்று நம்பலாம். இதைச் செய்யாமல், 'பேட்ச் போட்டு இரண்டு நாள் ஓட்டினோம், விழவில்லை' என்பது மாதம் ஒருமுறை விழும் பிழைக்குச் சான்றே ஆகாது. நடுவில் கெர்னல் பதிவில் செய்தி எழுதும் பிரிண்ட்கே வரிகளைப் போட்டுத் தேடுவதும் ஏமாற்றும். அது மெதுவான வேலை என்பதால் நேரக் கணக்கையே மாற்றி, பிழையை மறைத்துவிடும். ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி பஃபரில் எழுதும் எஃப்ட்ரேஸ் என்ற தடம் பதிக்கும் கருவி அந்தக் குழப்பத்தை நிறையக் குறைக்கிறது.

எப்படித் திருத்துவது என்பது எந்த விதி உடைந்தது என்பதைப் பொறுத்தது. சில தகவல்கள் சேர்ந்தே மாற வேண்டும் என்ற விதி உடைந்திருந்தால் லாக்தான் நேரடி வழி. ஆனால் எந்த லாக்? இன்டர்ரப்டிலும் அதே தரவு தொடப்படும் என்றால் காத்திருக்கும்போது தூங்கக்கூடிய மியூடெக்ஸ் வகை லாக் உதவாது. தூங்காமல் சுற்றிச்சுற்றிக் காத்திருக்கும் ஸ்பின்லாக் வேண்டும், அதுவும் அந்த சிபியுவில் இன்டர்ரப்டை நிறுத்திவிட்டுப் பிடிக்க வேண்டும். இல்லையேல் லாக் கையில் இருக்கும்போதே இன்டர்ரப்ட் வந்து அதே லாக்குக்காக என்றென்றும் காத்திருக்கும். இரண்டு லாக்குகள் இரண்டு இடங்களில் எதிரெதிர் வரிசையில் பிடிக்கப்பட்டால், ஒருவருக்காக ஒருவர் முடிவின்றிக் காத்திருக்கும் டெட்லாக். கிராஷைத் திருத்தப்போய்க் கணினியை உறையவைத்த பேட்சுகள் இப்படித்தான் பிறக்கின்றன. 2006 முதல் கெர்னலில் இருக்கும் லாக்டெப் என்ற சோதனைக் கருவி, டெட்லாக் உண்மையில் நடக்காவிட்டாலும் வரிசை முரணைக் கண்டவுடனேயே எச்சரிக்கும். லாக்கைத் தொடும் பேட்சை அதை இயக்காமல் அனுப்பவே கூடாது.

ஆயுள் பற்றிய விதி உடைந்திருந்தால் கதை வேறு. ஒரு சிபியு பட்டியலில் ஒரு பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை ஏற்றுவதற்குள் இன்னொரு சிபியு கடைசி ரெஃபரன்ஸை விட்டு அந்தப் பொருளை அழித்துவிடுகிறது. எண்ணிக்கையை நடுவில் யாரும் குறுக்கிட முடியாத ஒரே செயலாக, அணுநிலையில் ஏற்றினாலும் பயனில்லை, ஏனெனில் ஏற்றப்படும் இடமே உயிரோடு இல்லை. தேடுவதையும் ஏற்றுவதையும் பட்டியலின் லாக்குக்குள் ஒன்றாகச் செய்வது ஒரு வழி. அழிப்பவரும் அதே லாக்கைப் பிடித்துத்தான் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். 2002-இலிருந்து லினக்ஸில் இருக்கும் ஆர்சியு என்ற முறை இன்னொரு வழி. அதில் படிப்பவர்கள் லாக் பிடிப்பதில்லை. நீக்குபவர் பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அந்நேரம் படித்துக்கொண்டிருந்த எல்லோரும் முடிக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே நினைவகத்தை விடுவிக்கிறார். ஆர்சியுவுக்குள் கண்டெடுத்த பொருளை வெளியே கொண்டுபோக வேண்டுமானால், 'எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும் ஏற்று' என்ற செயல் தேவை. பூஜ்யமாகிவிட்டால் அந்தப் பொருள் கண்ணுக்குத் தெரிந்தாலும் நம்முடையது இல்லை. 2017-இல் 4.11 பதிப்பில் வந்த ரெஃப்கவுண்ட்-டி என்ற வகை, பூஜ்யத்திலிருந்து ஏற்ற முயன்றாலே எச்சரிக்கை எழுப்பும்.

டைமர்கள் இதில் தனிச் சிக்கல். டைமரை நீக்கச் சொல்லும் எளிய ஃபங்ஷன், அதன் செயல் இன்னொரு சிபியுவில் அந்தக் கணம் ஓடிக்கொண்டிருந்தாலும் திரும்பிவிடும். அது முடியும்வரை காத்திருக்கும் ஃபங்ஷன் தனியாக உண்டு. ஆனால் டைமர் செயலுக்குத் தேவையான லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதை அழைத்தால் டெட்லாக்தான். அதையும் கவனித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். டைமர் ஒரு பணியை வரிசையில் போட, அந்தப் பணி டைமரை மறுபடி ஓடவிடும் அமைப்பு டிரைவர்களில் நிறைய இருக்கிறது. டைமரை நிறுத்திப் பணியை ரத்துசெய்வதற்குள் பணி டைமரை எழுப்பிவிடும். வரிசையை மாற்றினாலும் மறுபக்கம் அதே கதை. டைமரை நிரந்தரமாக மூடி, யார் எழுப்பினாலும் எழாமல் செய்யும் ஃபங்ஷன் 6.2 பதிப்பில், 2023-இல்தான் வந்தது. இத்தனை அடிப்படையான ஒன்றுக்கு அவ்வளவு காலம் ஆனது என்பதே இந்தச் சிக்கலின் ஆழத்தைக் காட்டுகிறது.

லாக் இல்லாமல் எழுதிய நிரலில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. ஒரு கட்டமைப்பை நிரப்பிவிட்டு அதன் பாயிண்டரை வெளியிட்டால், ஏஆர்எம் சிபியுக்களில் மற்றொரு சிபியு புதிய பாயிண்டரையும் பழைய உள்ளடக்கத்தையும் சேர்த்துப் பார்க்க முடியும். எக்ஸ்86 சிபியுக்கள் நினைவகத்தில் எழுதும் செயல்களின் வரிசையைக் காப்பதால் அங்கே அது தெரியாது. நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் மட்டும்தான் அங்கே வரிசையைக் குலைக்கும். எனவே மடிக்கணினியில் ஆண்டுக்கணக்கில் ஓடிய நிரல் கைப்பேசியில் விழலாம். வெளியிடுபவர், முன்பு எழுதியவற்றைப் பின்தங்கவிடாத 'ரிலீஸ்' வகை எழுதுதலையும், படிப்பவர், பின்பு படிப்பவற்றை முந்தவிடாத 'அக்வயர்' வகை வாசிப்பையும் பயன்படுத்த வேண்டும். ஒருபுறம் மட்டும் போட்டால் பயன் இல்லை.

திருத்தம் அரைகுறையாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 'டர்ட்டி கவ்' வரலாறு நல்ல பாடம். பயனருக்குப் படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பில் எழுத வழிவிட்ட ரேஸ் அது. கெர்னல் அந்தக் கோப்பின் நினைவகப் பக்கத்துக்குத் தனிப் பிரதி எடுத்துவிட்டு, 'எழுத வேண்டும்' என்ற குறியைக் கைவிடும். அந்த நொடியில் இன்னொரு த்ரெட் அந்தப் பிரதியைத் தூக்கியெறியச் சொன்னால், கெர்னல் மூலக் கோப்பின் பக்கத்தையே மறுபடி எடுத்து அதில் எழுதிவிடும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இலேயே இதைத் திருத்த முயன்றார். எஸ்390 மெயின்ஃப்ரேம்களில் சிக்கல் வந்ததால் அந்த மாற்றம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அன்று ஏட்டளவிலான ரேஸாக இருந்தது, நினைவக மேலாண்மை பல சிபியுக்களுக்கு ஏற்ப வேகம் பெறப்பெற எளிதில் நடக்கக்கூடியதாகிவிட்டது. 2016 அக்டோபரில் மறுபடி திருத்தியபோது அவரே அதைப் பேட்ச் குறிப்பில் எழுதினார். இம்முறை குறியைக் கைவிடாமல், 'பிரதி எடுத்தாகிவிட்டது' என்பதற்குத் தனிக் குறி சேர்த்தார்கள். அதோடும் முடியவில்லை: பெரிய பக்கங்களைக் கையாளும் இணையான நிரல் பகுதியில் அதே சோதனை தவறாக அமைந்திருந்தது 2017-இல் தெரியவந்தது. ஒரு ரேஸை மூடியதும் அதே விதியை நம்பியிருக்கும் மற்ற எல்லா இடங்களையும் தேடிப் பார்ப்பது விருப்பத்துக்கு விடக்கூடிய வேலை அன்று.

பேட்ச் குறிப்பிலும் இதே அக்கறை தேவை. கெர்னல் வழக்கத்தில் இதற்கு நல்ல வடிவம் இருக்கிறது: இடப்பக்கம் ஒரு சிபியு, வலப்பக்கம் இன்னொன்று, மேலிருந்து கீழாக நேரம், எந்த வரிக்குப் பின் எந்த வரி ஓடினால் கிராஷ் என்று இரண்டு பத்தியாக எழுதுவார்கள். அதை எழுத முடியவில்லை என்றால் பிழை இன்னும் புரியவில்லை என்றே கொள்ள வேண்டும். கூடவே எந்தப் பழைய மாற்றத்தில் பிழை நுழைந்தது என்பதை அதன் அடையாள எண்ணின் குறைந்தது முதல் 12 எழுத்துகளோடு குறிப்பிடுவார்கள். எந்தெந்தப் பழைய கெர்னல் கிளைகளுக்குத் திருத்தம் போக வேண்டும் என்பதை, அவற்றைப் பராமரிப்பவர்கள் அதை வைத்தே முடிவுசெய்கிறார்கள்.

அந்தப் பழைய கிளைகளில்தான் கடைசி ஆபத்து காத்திருக்கிறது. பேட்ச் தடையில்லாமல் பொருந்திவிட்டது என்பதால் அது அங்கே சரியாகிவிடாது. புதிய கெர்னலில் மேலே உள்ள ஃபங்ஷன் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும் லாக், பழைய கெர்னலில் பிடிக்கப்படாமலே இருக்கலாம். அப்போது திருத்தம் எதையும் காக்காது. மாறாக, புதியதில் கைவிடப்பட்ட லாக் பழையதில் இன்னும் பிடிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். அப்போது அதே லாக் இரண்டு முறை பிடிக்கப்பட்டுக் கெர்னல் உறையும். ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் அந்த இரண்டு பத்தி வரிசையைப் புதிதாக எழுதி, ஒவ்வொரு வரியிலும் எந்த லாக் யார் கையில் இருக்கிறது என்று சரிபார்த்து, இடைவெளியில் தாமதம் செருகிய சோதனையை அந்தக் கிளையிலேயே லாக்டெப்பை இயக்கி ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேட்சை அனுப்ப வேண்டும்.